நோட்டீசில் 'சோடா' எண்டு எழுதினால் என்ன குறை?

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், "தேத்தண்ணி குடிக்கிறியளோ, சோடா குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். சோடா என்று சொன்னால் வருவது நெக்டோவாக இருக்கலாம், கிறீம் சோடாவாக இருக்கலாம், கொக்கா கோலாவாகவும் இருக்கலாம். எது வந்தாலும் அது சோடாதான். இதே சொல்லை மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு பெட்டிக்கடையில், "அண்ணை, ஒரு சோடா தாங்கோ" எண்டு கேட்டுப் பாருங்கள். இனிப்பும் நிறமும் இல்லாத, காஸ் அடைத்த வெறும் தண்ணீர்தான் கைக்கு வரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவருடைய ஊரில் சோடா என்றால் அதுதான். நாங்கள் நினைத்தது கிடைக்க வேண்டும் என்றால் அங்கே 'கூல்டிரிங்ஸ்' என்று கேட்க வேண்டும். தென் மாவட்டங்களில் கொஞ்சம் வயது போனவர்கள் என்றால் 'கலர்' என்று கேட்பார்கள்.

இதைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். மீம் போடுவதற்கும் நல்ல விஷயம்தான். ஆனால் சிரிப்போடு விட்டுவிடக் கூடாத ஒரு பக்கமும் இதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. இது தமிழுக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை. அமெரிக்காவில் வடகிழக்குக் கரையிலும் கலிபோர்னியாவிலும் 'சோடா' என்கிறார்கள். நடுமேற்கு மாநிலங்களில் 'பொப்'. கொக்கா கோலா 1886இல் பிறந்த அற்லாண்டாவையும் அதைச் சுற்றியுள்ள தென் மாநிலங்களையும் எடுத்தால், எந்தக் குடிபானமாக இருந்தாலும் அது 'கோக்'. "ஒரு கோக் தா" என்று கேட்டவரிடம் "என்ன கோக்?" என்று திருப்பிக் கேட்க, அவர் "ஸ்பிரைட்" என்று சொல்லுவார். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இஞ்சியே இல்லாத சோடாவுக்கும் 'ஜிஞ்சர்' என்று பெயர் இருக்கிறது. எங்கட ஆட்கள் போய்க் குடியேறிய ஊர்களையும் பாருங்கள். ரொறன்ரோவில் வளரும் பிள்ளை 'பொப்' என்கிறது, லண்டனில் வளரும் பிள்ளை 'ஃபிஸ்ஸி ட்ரிங்க்' என்கிறது. கோடை விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளும் அம்மம்மா வீட்டுக்கு வந்தால், அம்மம்மா இரண்டு பேருக்கும் சோடா உடைத்துக் கொடுக்கிறார். கொழும்பில் அதே கடைக்கு வரும் சிங்கள நண்பர் 'பீம' என்று கேட்கிறார். அந்தச் சொல்லுக்கு வெறுமனே 'குடிப்பது' என்றுதான் பொருள்.

ஆக, ஒரே போத்தலுக்கு ஊருக்கு ஒரு பெயர். இந்தப் பெயர்கள் சும்மா வந்தவையும் இல்லை. 1767இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி தண்ணீருக்குள் வாயுவைக் கரைக்க வழி கண்டுபிடித்தார். பிறகு சோடா உப்புச் சேர்த்து இந்தத் தண்ணீரைத் தயாரித்தார்கள், உப்பின் பெயர் தண்ணீருக்கு வந்தது. உப்பு இல்லாமல் தயாரித்தபோதும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1872இல் ஹிராம் கொட் என்ற ஆங்கிலேயர், கழுத்துக்குள் கண்ணாடிக் குண்டு வைத்து அடைக்கும் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டின் கோலி சோடா அந்தப் போத்தலின் பிள்ளை. அங்கே வெறும் சோடா தனக்கென்று ஒரு வாழ்க்கையோடு கடைகளில் நிலைத்துவிட்டது. அதனால் இனிப்பும் நிறமும் சேர்ந்த பானத்துக்கு வேறு பெயர் தேவைப்பட்டது, 'கலர்' வந்தது. எங்கட பக்கம் 'சோடா' என்ற சொல்லே அகன்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. வெறும் சோடாவுக்குத்தான் இங்கே அடைமொழி வேண்டும்: 'பிளேன் சோடா'. இரண்டு ஊரும் ஒரே சிக்கலை இரண்டு விதமாகத் தீர்த்திருக்கின்றன. இதில் எது சரி எது பிழை என்று கேட்க இடமே இல்லை.

ஆனால் கேட்கிறார்கள். எங்கட சொல்லுக்கு இரண்டு பக்கத்தாலும் நெருக்கடி. ஒரு பக்கம் தமிழ்நாட்டுச் சினிமாவும் யூரியூப்பும். அதைப் பார்த்து வளரும் ஒரு பிள்ளைக்குப் 'போத்தல்' என்பதை விடப் 'பாட்டில்' நாகரிகமாகத் தெரிகிறது, 'சோடா' கிழவிகளின் சொல்லாகத் தெரிகிறது. மற்றப் பக்கம் எழுத்துத் தமிழ். பத்திரிகையிலும் அரச அறிவித்தலிலும் அது 'மென்பானம்'. இல்லாவிட்டால் 'குளிர்பானம்'. வீட்டில் பேசுகிற சொல்லைக் கட்டுரையில் எழுதினால் சிவப்புக் கோடு விழும் என்ற பயத்தோடுதான் நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்திருக்கிறோம்.

அந்த எழுத்துச் சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். 'மென்பானம்' என்பது 'சொஃப்ட் ட்ரிங்க்' என்பதன் நேர்மாற்று. ஆங்கிலத்தில் அந்த 'சொஃப்ட்', மதுசாரம் இல்லை என்று சொல்ல வந்தது. தமிழுக்கு வரும்போது அந்தப் பொருள் கழன்றுவிட்டது. மென்மையான ஏதோ ஒன்று, உடம்புக்கு இதமானது என்ற எண்ணம்தான் மிச்சம். 'குளிர்பானம்' அதைவிட விசித்திரம். மின்சாரம் நின்ற நாளில், வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் இருந்து எடுத்துத் தந்தாலும் அது குளிர்பானம். மோரும் இளநீரும் அதில் சேருமா, சேராதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 'சோடா' என்றால் இந்தச் சந்தேகம் இல்லை. மோரைச் சோடா என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களின் போத்தலில் நிறக்குறி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். நல்ல சட்டம். 11 கிராம் கணக்கில் பார்த்தால் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 44 கிராம் சீனி, கிட்டத்தட்டப் பதினொரு தேக்கரண்டி. இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் முக்கியமானவர்கள், ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ள எங்கட வீட்டுப் பெரியவர்கள்.

இப்போது ஒரு கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். சுவரில் 'மென்பானங்களைத் தவிர்ப்போம்' என்று ஒரு சுவரொட்டி. கொழும்பில் படித்த இளம் டொக்டர், "அம்மா, கூல் ட்ரிங்ஸ் குடிக்கிறனீங்களா?" என்று கேட்கிறார். "ஐயோ இல்லை டொக்டர்" என்கிறார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. பின்னேரம் வயிறு ஊதினால் ஒரு ஜிஞ்சர் பியர் குடிப்பார், அது அவருக்கு வயிற்று மருந்து. கலியாண வீட்டில் கொடுத்தால் அரைக் கிளாஸ் நெக்டோ, அது மரியாதை. கூல் ட்ரிங்ஸ் என்பது பொடியள் டவுனுக்குப் போய்க் குடிக்கிற ஏதோ ஒன்று. "சோடா குடிக்கிறனீங்களோ? ஜிஞ்சர் பியர், நெக்டோ, கிறீம் சோடா?" என்று கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். மருந்தின் அளவையே மாற்றக்கூடிய ஒரு பதில், ஒரு சொல்லால் தவறிப்போகிறது.

சிலர் கேட்பார்கள்: 'சோடா'வும் ஆங்கிலச் சொல்தானே, அதைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு? நியாயமான கேள்வி. கதிரையும் அலுமாரியும் போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தவை. அவற்றை இன்றைக்கு யாரும் எங்கட வீட்டை விட்டு வெளியே போகச் சொல்வதில்லை. அம்மம்மாவும் அவருடைய அம்மாவும் புழங்கிய சொல் எங்கட சொல்தான். இன்னொரு கேள்வியும் வரும்: எல்லா நாட்டுத் தமிழருக்கும் விளங்க ஒரு பொதுச் சொல் வேண்டாமா? வேண்டும். உலகச் செய்தி எழுதும்போது 'மென்பானம்' இருக்கட்டும், நானே அதைப் பாவிப்பேன். ஆனால் பருத்தித்துறையில் ஒட்டப்போகும் சுவரொட்டியை ரொறன்ரோவில் இருப்பவரும் திருச்சியில் இருப்பவரும் வாசிக்கப் போவதில்லை. அதை யார் வாசிப்பார்களோ அவர்களுடைய சொல்லில்தான் அது இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சொற்களோடும் எனக்குச் சண்டை இல்லை. 'கலர்' எவ்வளவு அழகான சொல்! அங்கேயும் அது 'கூல்டிரிங்ஸ்' வந்து தள்ளத் தள்ளப் பின்னுக்குப் போகிறது. அவர்களுக்கும் எங்களுக்கும் இது ஒரே கதைதான்.

ஆகவே சுகாதாரக் கழகங்கள், சனசமூக நிலையங்கள், பல்கலைக்கழக மாணவர் அமைப்புகள் எல்லாரிடமும் ஒரு சின்ன வேண்டுகோள். நோட்டீஸ் அடிக்க முதல் அதை வீட்டில் உள்ள ஒரு வயது போனவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் அவர் நிற்கிறாரோ அந்தச் சொல்லை மாற்றுங்கள். கதை எழுதுபவர்கள் யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் 'கூல்டிரிங்ஸ் பாட்டில்' கொடுக்க வேண்டாம், அங்கே சோடாப் போத்தல்தான் கொடுக்கிறார்கள். கட்டுரையில் பிள்ளை 'சோடா' என்று எழுதினால், ஆசிரியர்கள் சிவப்புக் கோடு போடாமல் பக்கத்தில் 'மென்பானம்' என்றும் ஒரு சொல் இருக்கிறது என்று எழுதிவிட்டால் போதும். பிள்ளைக்கு இரண்டு சொல் கிடைக்கும், ஒன்றையும் இழக்க வேண்டியிராது.