காற்றடிச்சாலும் கழலாத பூ!

கல்யாண வாசலில் ஆளுயரத் தாமரை, காதுகுத்து வீட்டு முற்றத்தில் குடை அகலத்துக்கு ரோஜா, பிறந்தநாள் மேடையின் பின்னால் சுவரையே மறைக்கும் செம்பருத்தி... ஃபோம் ஷீட்டில் கையால் செய்யும் ராட்சதப் பூக்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. வீட்டில் இருந்தபடியே செய்து வாடகைக்குக் கொடுத்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் சமாளிக்கும் பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

மண்டபத்துக்குள் வைக்கும்வரை பிரச்னை இல்லை. திறந்தவெளிக்கு வந்ததும்தான் சோதனை ஆரம்பம். அதிலும் சுசீந்திரம் மாதிரி ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பக்கம் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. இன்னொரு பக்கம் உப்பு ஈரம் சுமந்து வரும் கடல் காற்று. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கும் மாவட்டம் வேறு. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, "எக்கா, ஒங்க தாமரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கெடக்கு" என்று போன் வந்தால் எப்படி இருக்கும்? போவது ஒரு பூ மட்டும் அல்ல, அடுத்த நான்கு ஆர்டரும்தான்.

நாஞ்சில் நாட்டின் காற்றுக்கும் மழைக்கும் தாங்குகிற பூ, எந்த ஊர் வாசலிலும் தாங்கும். அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

எந்த ஃபோம்?

முதலில் பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைவினைப் பொருள் கடைகளில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் ஃபோம் ஷீட், ஈ.வி.ஏ. என்ற வகையைச் சேர்ந்தது. செருப்பின் மெத்தென்ற அடிப்பாகமும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். உள்ளே இருக்கும் காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது. வளைத்தாலும் உடையாது.

தெர்மகோல் அப்படி அல்ல. அழுத்தினால் நொறுங்கி மணி மணியாக உதிரும். அதோடு, அலங்காரத்துக்குத் தெர்மகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. யாராவது 'சீப்பா முடியும்' என்று தெர்மகோல் பூ கேட்டால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இரண்டடி அகலம் வரையிலான பூவுக்கு 2 மி.மீ. ஷீட் போதும். அதற்கு மேல் போனால் 3 முதல் 5 மி.மீ. வேண்டும். பெரிய பூவுக்கு மெல்லிய ஷீட் எடுத்தால் காலையில் விரிந்து நிற்கும் இதழ், மத்தியான வெயிலில் வாழை இலை மாதிரித் தொங்கிவிடும்.

இதழுக்கு வளைவு கொடுக்க ஹீட் கன் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள், ஷீட்டின் மேல் பருத்தித் துணி போட்டு அயர்ன் பாக்ஸால் லேசாகச் சூடுகாட்டி, இளகியதும் பாத்திரத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடிக்கலாம். ஆறியதும் அந்த வடிவம் நிற்கும். மெழுகுவத்தி, அடுப்புத் தீயில் காட்டவே கூடாது. ஃபோம் தீப்பற்றக்கூடியது.

ஒட்டு பாதி, கட்டு பாதி

வெளியிடப் பூக்கள் பிரிந்து விழ முதல் காரணம் க்ளூ கன்தான். அந்தக் குச்சிப் பசை பெரும்பாலும் ஈ.வி.ஏ. வகைதான். சூட்டில் உருகி ஒட்டுவது, மறுபடி சூடு பட்டால் இளகத்தானே செய்யும்? சித்திரை வெயிலில் அடர் நிற இதழின் மேற்பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிட மிகவும் சூடாகும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் பூவை வைத்தால் இன்னும் மோசம். மண்டபத்தில் இறக்கும்போதே இதழ்கள் தனித்தனியாகக் கையில் வரும்.

செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை இதற்கு ஏற்றது. ஒட்ட வேண்டிய இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, 10 - 15 நிமிடம் காயவிடுங்கள். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரிக்கவே முடியாது. ஈரத்தோடு ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. இந்தப் பசையின் நெடி தலைசுற்றலைத் தரும். எளிதில் தீப்பற்றும். எனவே ஜன்னல், கதவுகளைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் தள்ளி வைத்து வேலை செய்யுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது.

ஆனால், பசையை மட்டும் நம்பினால் போதாது. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில்தான் தோவாளை இருக்கிறது. அங்கே கட்டப்படும் மாணிக்க மாலை, புவிசார் குறியீடு பெற்றது. அரளிப் பூவை மடித்து, கல் பதித்தாற்போல வரிசையாக அமைக்கும் அந்த மாலையில் சொட்டுப் பசை கிடையாது. மடிப்பும் முடிச்சும்தான். பூக்கட்டும் கைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த அந்த ரகசியம் ஃபோம் பூவுக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு இதழின் அடியிலும் பசைக்கு மேல் இரண்டு தையல் போடுங்கள். மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பு இதற்கு அருமையானது. மழையில் ஊறினாலும் மக்காது. நரம்பு நேராக இழுத்தால் ஃபோமை அறுத்துவிடும். அதைத் தடுக்க, முன்னும் பின்னும் ஒரு பழைய சட்டைப் பொத்தானை வைத்துத் தையுங்கள். இழுவை பொத்தானின் அகலம் முழுக்கப் பரவும், இதழ் கிழியாது.

பெரிய இதழுக்கு நடுநரம்பு மாதிரி பின்னால் ஒரு கம்பி தேவை. கட்டடக்காரர்களின் கட்டுக்கம்பி வேண்டாம். கடல் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு மழை பெய்தால் துருக்கறை வெள்ளை இதழில் வழியும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி வாங்குங்கள். நுனியை வளையமாக மடித்து, மேலே ஒரு ஃபோம் பட்டையை ஒட்டி மூடிவிடுங்கள். பூவைத் தொட்டுப் பார்க்க வரும் குழந்தைகளின் கண் உயரத்தில் கூரான கம்பி நுனி இருக்கவே கூடாது.

காற்றோடு ஒரு கணக்கு

ஒரு மீட்டர் அகலப் பூ என்பது காற்றுக்கு ஒரு பாய்மரம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் அந்தப் பூவின் மேல் ஐந்து, ஆறு கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு! அதாவது 20 கிலோவைத் தாண்டிவிடும்.

ஐந்தடிக் குழாயின் உச்சியில் இந்த விசை விழும்போது, அடியில் இருக்கும் வாளி என்ன ஆகும்? பெயின்ட் வாளியில் 10 லிட்டர் அளவுக்கு கான்கிரீட் போட்டால் எடை சுமார் 24 கிலோ. 'இவ்வளவு கனம், அசையாது' என்றுதான் தோன்றும். ஆனால், வாளியின் அடிப்பாகம் ஓரடி அகலம்கூட இருக்காது. 36 கி.மீ. காற்றுக்கே அது சாய்ந்துவிடும். இங்கே கனத்தைவிட அகலம்தான் முக்கியம். நான்கடி நீளச் சட்டங்கள் இரண்டைக் கூட்டல் குறி போல இணைத்து, நடுவில் வாளியைப் பூட்டுங்கள். சட்டங்களின் நான்கு நுனியிலும் மணல் மூட்டை வையுங்கள். மூட்டையைப் பச்சைத் துணியாலோ குரோட்டன்ஸ் தொட்டியாலோ மறைத்துவிடலாம். பந்தல் கால் பக்கத்தில் இருந்தால், குழாயை இரண்டு இடத்தில் அதோடு சேர்த்துக் கட்டிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

தண்டுக்கு வெறும் பி.வி.சி. குழாய் போதாது, வளையும். உள்ளே ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, மேல் மூடியை ஒட்டி அடைத்துவிடுங்கள்.

பூவின் வடிவத்திலும் காற்றுக்கு வழி விடலாம். பின்பக்கம் முழு வட்ட அட்டை வைக்காமல், வளையம் மட்டும் வைத்து நடுவில் வலை கட்டுங்கள். இதழுக்கும் இதழுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். வெளி இதழ்களின் நுனிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாதீர்கள். நுனி மடங்கிக் கொடுத்தால் காற்று கடந்து போகும். எதிர்த்து நின்றால் பிய்த்துக்கொண்டு போகும்.

வைகாசியில் இருந்து ஆவணி வரை காற்றுக்காலம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுக்கும்போதே, பூ நிற்கப்போவது எந்தப் பக்கம் பார்த்த வாசல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேற்குப் பார்த்த திறந்த வாசல் என்றால், உயரத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று சொல்லிப் பாருங்கள். இடுப்பளவுப் பூக்கள் வரிசையாக நின்றாலும் அழகு குறையாது.

மழை, வெயில், பனி

ஃபோம் தண்ணீர் குடிக்காது. ஆனால், கிண்ணம் போல விரிந்த பூ தண்ணீரைச் சேர்த்து வைக்கும். ஐந்து லிட்டர் தேங்கினால் ஐந்து கிலோ! தலை கனத்துத் தண்டு சாயும். பூவின் நடுவில், மகரந்தத்துக்கு அடியில், சுண்டுவிரல் அளவுக்கு மூன்று துளைகள் போட்டுவிடுங்கள். நவராத்திரிக்காகச் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன் திருவனந்தபுரம் புறப்படும் நாட்களிலும், ஐப்பசி - கார்த்திகை விசேஷங்களிலும் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்போது இந்தத் துளைகள்தான் காப்பாற்றும்.

வெயிலுக்கு நிறம் வெளுக்கும். பளீர் ரோஸ், ஆரஞ்சு மாதிரி ஒளிரும் நிறங்கள் முதலில் போகும். வெள்ளை ஷீட்டில் இதழ் செய்து, வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷனை மெல்லியதாக இரண்டு கோட் அடிப்பது நல்ல வழி. அடிக்கும் முன் ஹீட் கன்னை ஒருமுறை மேலோட்டமாகக் காட்டினால், ஷீட்டின் நுண்துளைகள் மூடிக்கொண்டு பெயின்ட் திட்டுத் திட்டாகப் படியாது. தடிமனாக அடித்தால் இதழ் வளையும்போது வெடிக்கும். துண்டு ஷீட்டில் அடித்து, காய்ந்தபின் மடக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பூவுக்குப் போங்கள்.

மார்கழித் திருவிழாவும் தேரோட்டமும் வரும்போது ஊருக்குள் பனி. அன்றைய வரவேற்பு வளைவுக்குப் பூ செய்வதாக இருந்தால், பெயின்ட் வேலையை ஒரு வாரம் முன்பே முடித்து வெயிலில் காயவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த பெயின்ட் பனியில் பிசுபிசுத்து, தெருப் புழுதி முழுவதையும் வாங்கிக்கொள்ளும்.

இரவு விசேஷங்களில் ஹாலஜன் விளக்கைப் பூவுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். எல்.இ.டி. போதும். குத்துவிளக்கு, மத்தாப்பு, வாணவேடிக்கை நடக்கும் இடத்தில் இருந்து பூ தள்ளியே நிற்கட்டும். இதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

குளத்துக்குப் போகக் கூடாது

காற்றில் பறந்த இதழ் எங்கே போகும்? சுசீந்திரத்தில் அதற்கான பதில் பெரும்பாலும் குளம், இல்லாவிட்டால் வயல். சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலங்கள். தூரதேசப் பறவைகள் வலசை வந்து இரை தேடும் இடம் அது. ஃபோம் மக்காது, மூழ்காது. மிதக்கும் துண்டை இரை என்று பறவையோ மீனோ கொத்தக்கூடும். இதழைத் தைத்து வைப்பது வாடகைப் பணத்துக்காக மட்டும் அல்ல.

விசேஷம் முடிந்ததும் இதழ்களை எண்ணிப் பார்த்து, குறைந்தால் தேடி எடுத்துவிடுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை எரிக்காதீர்கள், புகை கெடுதல். பொடியாக நறுக்கி, மணைக்கும் திண்டுக்கும் உள்ளே அடைக்கலாம். மினுமினு தூள் ஒட்டிய கிளிட்டர் ஷீட் வெளியிடத்துக்கு வேண்டவே வேண்டாம். அந்தத் தூளைத் தேடி எடுக்க யாராலும் முடியாது.

நின்றால்தான் கூலி

உதாரணத்துக்கு, ஒரு பூவுக்குப் பொருள் செலவு 1,500 ரூபாய், ஒரு நாள் வாடகை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று விசேஷம் கடைக்காரருக்குக் கொடுத்த பணத்தை மீட்கத்தான் சரியாக இருக்கும். நான்காவது விசேஷத்தில் இருந்துதான் ராத்திரி கண்விழித்து வெட்டிய கைக்குக் கூலி. இரண்டாவது விசேஷத்திலேயே பூ கிழிந்தால், உழைப்பு இலவசம் என்று அர்த்தம். ரப்பர் பசைக்கும் பொத்தானுக்கும் ஆகும் சில்லறைச் செலவில் கை இழுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

திரும்பி வந்த பூவைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், பழைய பருத்திச் சேலையால் மூடிக் கொக்கியில் தொங்கவிடுங்கள். நசுங்கிய இதழை ஹேர் டிரையரின் சூட்டில் காட்டி மறுபடி வளைத்தால் பழையபடி ஆகிவிடும்.

ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் ஒரு எண் எழுதி, நோட்டில் அது போய்வந்த தேதியையும் பிரிந்த இடத்தையும் குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை தையல் விட்டால், அடுத்த பூவில் அங்கே மூன்றாவது பொத்தான் வைக்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு இதழையும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வர வேண்டிய இதழ் வீட்டிலேயே கையோடு வந்துவிட்டால், அது நல்ல சகுனம்தான்!