தாத்தாவின் துப்பாக்கியைத் தொடாதீர்கள்

பிள்ளைகளே, சொந்தங்களே,

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை மறுபடி சுட்டுப் பார்க்கப் போகிறீர்களாம். "டமாஸ்கஸ் குழல், நம்ம ஊர் உருக்கு, வெடிக்காது" என்று குடும்பக் குழுவில் பெருமை வேறு!

தவறு. நம் உருக்கு மூசையில் உருக்கியது. இந்தக் குழலோ இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. பெயர் மட்டுமே ஒன்று.

டமாஸ்கஸ் என்றாலே வெடிக்கும் என்பதும் பொய்தான். 1891 பர்மிங்காம் சோதனையில் முதலிடம் பெற்றதே முறுக்கி ஒட்டிய குழல்தான். ஆனால் அது அன்று புதுக்குழல். நம்முடையது நூறாண்டு கடந்தது. உள்ளே துரு எவ்வளவு, கனம் எவ்வளவு மிச்சம், யாருக்குத் தெரியும்? கரிமருந்துக்குச் செய்த குழலில் இன்றைய புகையில்லாத் தோட்டாவைப் போடுவது சூதாட்டம். பணயம், குழலைத் தாங்கும் இடது கை.

விவரம் தெரிந்தவர் அளந்து, சோதித்துச் சொல்லும்வரை அது பெட்டியிலேயே கிடக்கட்டும். தாத்தா கோபிக்கமாட்டார்.