அட்டையில் 128, பெட்டரியில் 21

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வன்னி மக்களுக்குக் கரண்ட் இல்லாத வாழ்க்கை புதிதல்ல. யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோதுதான் தெற்கில் பலருக்கு அது புரிந்தது. அறுவடைக்கு அறுவடை பணம் பார்க்கும் அவர்கள், பெட்டரி டிரில் வாங்க வரும்போது எதைக் கொடுக்கிறோம்?

விலை குறைந்த கருவிகள் பலவற்றில் 48, 88, 128 வோல்ட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல்கள். முழுதாக சார்ஜ் ஏறினாலும் 21 வோல்ட்தான். பெயர்பெற்ற கம்பனிகளின் 18 வோல்ட்டும் இதே ஐந்து செல்தான். ஈரத் தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? "அச்சிட்டது கம்பனி, நானல்ல" என்பது வெறும் சாட்டு.

வோல்ட்டை அம்பியர் மணியால் பெருக்கிச் சொல்லுங்கள். 18 வோல்ட், 5 அம்பியர் மணி என்றால் 90 வோட் மணி. எல்லாக் கருவிக்கும் ஒரே பெட்டரி பொருந்துமாறு வாங்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு சார்ஜர் விற்பனை குறையும், குறையட்டும்.

வீட்டு இன்வேர்ட்டருக்கும் இதே கணக்குத்தான். 12 வோல்ட், 100 அம்பியர் மணி ஈயப் பெட்டரியில் பாதியை எடுப்பதே நல்லது. அது 600 வோட் மணி. ஒரு மின்விசிறியும் மூன்று எல்.ஈ.டி. பல்பும் ஐந்து மணி நேரம் தாங்கும். வாகனப் பெட்டரியை இதற்குத் தள்ளிவிடாதீர்கள்; அடிக்கடி அடிவரை இறங்கினால் சீக்கிரம் செத்துவிடும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். அதற்குச் சிறிய இன்வேர்ட்டர் போதாது, மின்பிறப்பாக்கிதான் வேண்டும் என்பதை பில் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.