போர்வையின் எடையும் மனத்தின் சுமையும்

திருப்பதி இரவில் முழுவதும் அடங்காத ஊர். திருமலையில் விடியலுக்கு வெகுமுன்பே, மூன்று மணியளவில், சுப்ரபாத சேவை தொடங்கிவிடும். பேருந்து ஓட்டுநரும் விடுதிப் பணியாளரும் பூக்கடைக்காரரும் அந்த நேரத்திற்கு ஏற்பத் தம் உறக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்கின்றனர். சித்தூர்ப் பக்கத்திலோ பால் ஊற்றும் குடும்பங்கள் கோழி கூவுமுன் எழுந்துவிடுகின்றன. மாம்பழப் பருவத்தில் கூழ் ஆலைகளுக்கும் மண்டிகளுக்கும் இரவு பகல் வேறுபாடு இல்லை. இத்தகைய ஊர்களில், நல்ல உறக்கம் தருவதாகச் சொல்லி விற்கப்படும் எப்பொருளுக்கும் வாங்குவோர் இருப்பர். அண்மைக் காலமாக இணையக் கடைகளில் விற்பனையாகும் எடைப் போர்வையும் அத்தகையதே.

இரு துணி அடுக்குகளுக்கு இடையே சிறு சிறு அறைகளாகத் தைத்து, அவற்றுள் நுண்ணிய கண்ணாடி மணிகளை நிரப்பிச் செய்வது இப்போர்வை. உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்கலாம் என்பது விற்பனையாளர் கூறும் பொதுக்கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஆறு கிலோ. உடலெங்கும் சீராகப் படியும் அழுத்தம், அன்புடையார் அணைத்துக்கொள்வது போன்ற அமைதியைத் தரும் என்பதே இதன் அடிப்படை.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. சுவீடனில் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வொன்றில், மனச்சோர்வு, பதற்றம் முதலிய நோய்களுடன் தூக்கமின்மையும் கொண்ட 120 பேர் நான்கு வாரம் கண்காணிக்கப்பட்டனர். எட்டுக் கிலோ போர்வை பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேருக்குத் தூக்கமின்மை பாதிக்குப் பாதியேனும் குறைந்தது; ஒன்றரைக் கிலோ போர்வை பெற்றோரில் அவ்வாறு குறைந்தவர் நூற்றுக்கு ஐவர் அளவே. ஆயினும், எடையுள்ள போர்வை எது என்பது போர்த்திக்கொள்வோருக்குத் தெரிந்துவிடுமாதலால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில், குழந்தைகள் போர்வையை விரும்பினார்களேயன்றி உறங்கும் நேரம் கூடவில்லை. ஆகவே, சிலருக்கு உதவும் துணைப்பொருள் என்று மட்டுமே இதனைக் கருதுதல் தகும்.

நம் தட்பவெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பலமநேர், குப்பம் போன்ற மேட்டு நிலத்தில் மார்கழி, தை இரவுகளில் இப்போர்வை இதமாக இருக்கலாம். கோடையில் நாற்பது பாகை செல்சியசைத் தாண்டும் திருப்பதியிலும் காளத்தியிலும் இது புழுக்கத்தையே கூட்டும். கைக்குழந்தைகளுக்கு எடையுள்ள போர்வை கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் எச்சரித்துள்ளது. மூச்சுத்திணறல், உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவை உடையோரும், போர்வையைத் தாமே விலக்க இயலாத முதியோரும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

வங்கிப் பணியில் இருப்போர் என்ற முறையில் எங்களை உறுத்துவது வேறொன்று. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள இப்பொருளின் படத்தருகிலேயே 'வட்டியில்லாத் தவணை' என்ற அழைப்பும் நிற்கிறது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணத்திலோ, கைவிடப்பட்ட தள்ளுபடியிலோ மறைந்திருக்கும். கடன் அட்டைத் தவணையாயின் வட்டிக்கும் கட்டணத்திற்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. உறக்கத்திற்காக வாங்கிய பொருளே, மாதந்தோறும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு கடனாகிவிடுகிறது.

எங்கள் கிளைகளில் எதிரே அமர்ந்து, இரவில் உறக்கமில்லை என்று சொல்வோர் பலர். அவர்களுள் பெரும்பாலோரைக் கண்விழிக்க வைப்பது தவணை நாளின் நினைவே. அச்சுமையைக் குறைக்கச் செலவில்லாத வழிகள் உள. சம்பளமோ பால் பணமோ வரும் நாளுக்கு அடுத்த நாளாகத் தவணைத் தேதியை மாற்றித் தருமாறு கேட்கலாம். தவணை தவறும் என்று தெரிந்தால், தவறிய பின் வருவதைவிட முன்கூட்டியே கிளைக்கு வருவது நல்லது. அப்போது மாற்று வழிகள் மிகுதி. நிலுவையை வசூலிக்கும் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கலாகாது என்பது 2022 ஆகத்தில் ரிசர்வ் வங்கி விதித்த நெறி. நள்ளிரவில் மிரட்டும் அழைப்பு வந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். முப்பது நாளில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம்.

இவற்றுக்குப் பின்னும் உறக்கம் வாராவிடில், முதலில் மருத்துவரைப் பாருங்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் தூக்கமின்மைக்குப் பின்னால் தைராய்டோ மனச்சோர்வோ இருக்கக்கூடும். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும், சித்தூருக்கு அருகே வேலூரில் சி.எம்.சி.யும் உள்ளன. தடையேதும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், வீட்டிலுள்ள கனமான ஜமக்காளத்தையோ, நம் ராயலசீமையில் செம்மறி உரோமத்தில் நெய்யும் கருங்கம்பளியையோ மடித்து, நெஞ்சுக்கு மேல் ஏறாதவாறு கால்களின்மேல் ஒரு வாரம் விரித்துப் பாருங்கள். அழுத்தம் உங்களுக்கு இதம் தருகிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். தந்தால், திருப்பித்தரும் வசதி உண்டா என்று பார்த்து, மூன்று நான்கு மாதம் சிறுகச் சேர்த்து, கைப்பணத்தில் போர்வையை வாங்குங்கள். விற்பவர் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போர்வை வாங்குவது தவறன்று. கடன்பட்டு வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.