சார், இது எந்த ஊசி?

காசிமேடு மீன் மார்க்கெட் மேல வட்டமடிக்கிறதைக் காட்டி 'கழுகு'ன்னு சீன் போடுறீங்களே, அது பருந்து! செத்த மாட்டைத் தின்னு காட்டைச் சுத்தமா வைக்கிற பாறு கழுகைப் பார்க்கணும்னா, முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போகணும்.

ஒரு காலத்துல இந்தியா முழுக்க கூட்டம் கூட்டமா இருந்த பறவை இது. 1992-லிருந்து 2007-க்குள்ள வெண்முதுகுப் பாறு மட்டும் 99.9 சதவீதம் காலி! வில்லன், மாட்டுக்கு வலி குறையப் போட்ட டைக்ளோஃபினாக். ஊசி போட்ட ஓரிரு நாள்ல மாடு செத்து, அதைக் கழுகு தின்னா கிட்னி ஃபெயிலியர்.

2006-ல கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. உடனே மனுஷங்களுக்கான பெரிய பாட்டில் மாட்டுக்குப் போச்சு. அதனால 2015-ல ஊசி மருந்தை 3 மி.லி.க்கு மேல பேக் பண்ணக் கூடாதுன்னு உத்தரவு. 2023-ல கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் ரெண்டுக்கும் தடை. தமிழ்நாட்டுலயும் பாறு பாதுகாப்புக்குன்னு 2022-ல மாநிலக் குழு அமைச்சாங்க.

ஆனா கணக்கு ரொம்ப டைட் பாஸ். நூறு மாட்டுச் சடலத்துல ஒண்ணுக்கும் குறைவா இந்த விஷம் இருந்தாலே மொத்தக் கூட்டமும் சரிஞ்சிடும். பாறு போடுறதோ வருஷத்துக்கு ஒரே முட்டை!

உங்க ஹாஸ்டல்ல மசினகுடி, சத்தியமங்கலம் பக்கத்துப் பசங்க இருக்காங்களா? லீவுல மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்தா, 'சார், கழுகுக்கு ஆபத்தில்லாத மெலாக்சிகாம் போடலாமா?'ன்னு கேட்கச் சொல்லுங்க. அந்த ஒரு கேள்வி போதும்!