கட்டப்படாத பில்! காலியான சிலிண்டர்!

கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு மாதக்கணக்கில் பாக்கி வைத்தால் என்ன நடக்கும்? முதலில் கடிதம் வரும். பிறகு ஆள் வரும். கடைசியில் சரக்கு நின்று போகும். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய சிறுவனுக்கும் இது தெரியும்.

இந்தச் சின்னக் கணக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் தவறியது. அதனால் என்ன ஆயிற்று என்பதை நாடே பார்த்தது.

உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர். அங்குள்ள பாபா ராகவ்தாஸ் மருத்துவக் கல்லூரிதான் மூளைக்காய்ச்சல் கண்ட அந்த வட்டாரத்து ஏழைக் குழந்தைகளின் புகலிடம். ஆக்சிஜன் வழங்கி வந்த நிறுவனத்துக்கு 60 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி. பணம் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போயிற்று. 2017 ஆகஸ்ட் 9 அன்று மாநில முதலமைச்சரே வந்து மருத்துவமனையைப் பார்வையிட்டுச் சென்றார். மறுநாள் இரவே ஆக்சிஜன் வரத்து தடைப்பட்டது. இரண்டு நாட்களில் 30 குழந்தைகள் இறந்ததாக மாவட்ட நிர்வாகம் கூறியது. நோய்தான் காரணம், ஆக்சிஜன் தட்டுப்பாடு அல்ல என்றது அரசு. ஆனால் பாக்கி இருந்ததும் உண்மை, வரத்து தடைப்பட்டதும் உண்மை.

பழி யார் தலையில் விழுந்தது? கைதான ஒன்பது பேரில் ஒருவர் குழந்தை மருத்துவர் கஃபீல் கான். அன்றிரவு சிலிண்டர் தேடி ஓடியவர் அவர். எட்டு மாதம் சிறையில் கிடந்தார். அவர் தனிப்பட்ட முறையில் கவனக்குறைவாக இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2018 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2019-இல் வெளிவந்த துறை விசாரணை அறிக்கையும் மருத்துவக் கவனக்குறைவுக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. அப்படியிருந்தும் 2021 நவம்பரில் அவரை வேலையிலிருந்தே நீக்கினார்கள்.

அவருக்காக நாம் கொதித்தோம். கொதித்தது நியாயம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்க மறந்தோம். அந்த மருத்துவமனையின் இருப்புப் புத்தகத்தையும் பாக்கிக் கணக்கையும் அன்றாடம் பார்க்க வேண்டியவர் யார்? அதற்கு மேல் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்வி எழாத இடத்தில்தான் அப்பாவிகள் பலியாடு ஆகிறார்கள்.

சரியாகச் செய்ய முடியாத காரியமா இது? நம் தமிழகமே செய்து காட்டியிருக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. 1995 ஜனவரி முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கத் தொடங்கியது. டெண்டர் விட்டு மொத்தமாகக் கொள்முதல். மாவட்டங்களில் கிடங்குகள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம். ஒதுக்கிய தொகை எவ்வளவு, எடுத்த மருந்து எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பது அதில் பதிவாகும். வந்த சரக்கில் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் விநியோகம். பிற மாநிலங்களும் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒழுங்கான கடைக்காரரின் கணக்குதான்!

பில்லைக் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. 2021 ஏப்ரல் 21 அன்று மராட்டியத்தின் நாசிக் நகரில் மாநகராட்சி மருத்துவமனையின் ஆக்சிஜன் தொட்டியில் கசிவு ஏற்பட்டது. அழுத்தம் குறைந்து 22 நோயாளிகள் மாண்டார்கள். அங்கே ஆக்சிஜன் இருந்தது. அது நோயாளியின் மூச்சுக்குப் போய்ச் சேரவில்லை. கருவியை வாங்கி வைப்பது பாதி வேலை. பராமரிப்பது மீதி வேலை.

இந்தப் பாடம் அரசாங்கத்துக்கு மட்டுமல்ல, நமக்கும்தான். கொரோனா இரண்டாம் அலையில் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் வணிகர்களும் ஆக்சிஜன் செறிவூட்டிகளை வாங்கிக் கொடுத்தார்கள். புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். இன்று அவை எங்கே? வடிகட்டியைக் கழுவுவது யார்? மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைத்தால், உள்ளே காற்றைப் பிரிக்கும் பொருள் ஈரம் ஏறிக் கெடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவசரத்துக்கு எடுக்கும்போது ஓடாத கருவியால் யாருக்கு லாபம்?

எனவே சகோதரர்களே! கருவி கொடுப்பவர்கள் அதன் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். அமைப்பிடம் உள்ள சிலிண்டர், சக்கர நாற்காலி, ஆம்புலன்ஸ் அனைத்துக்கும் ஒரு பதிவேடு வையுங்கள். மாதம் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

அரசு மருத்துவமனையில் "மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்" என்று சொன்னால் தலையைத் தொங்கப் போட்டுத் திரும்பாதீர்கள். எந்த மருந்து, எத்தனை நாளாக இல்லை, எப்போது கேட்டு எழுதினீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

ஸ்டாக் பார்க்கத் தெரிந்த சமுதாயம் நாம். அந்த அறிவைக் கடையோடு பூட்டி வைக்கலாமா? இரங்கல் சுவரொட்டி ஒட்டும் நாள் வருமுன் இருப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம்!