வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும்

பாலோவில் புகைவண்டி நிலையத்தையடுத்த கடைத்தெருவிலாயினும், செம்பனைக் காட்டுக்குள்ளிருக்கும் தோட்டத்து லயங்களிலாயினும், பேய்ப்படம் ஓடும் இரவில் ஒன்றைக் காணலாம். இறுதிவரை விழித்திருந்து பார்ப்போர் சிலரே. முதற் காட்சியைத் தவறவிட்டோர் அரியர். தூங்கி விழும் குழந்தையும் அதைக் கண்டுவிட்டே கண்ணயர்கிறது. ஆகவே, இப்படங்கள் மக்களுக்குப் போதிப்பது யாது என்று அறிய விரும்புவோர் முடிவை விட்டு முதற் காட்சியை ஆராய்தலே முறையென்போம்.

அக்காட்சியின் இலக்கணம் மிகச் சிறிது. இரவு, மழை, ஆளரவமற்ற பாதை, "அப்பக்கம் போகாதீர்" என்று எச்சரிக்கும் ஊரார், பிறகு வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாய் ஒரு பெண். 1931இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டிராகுலா' எச்சரிக்கும் கிராமத்தாரைக் கொண்டே தொடங்கிற்று. 1949இல் வந்த 'மஹல்' என்னும் இந்திப்படம் புயலிரவையும், பழைய மாளிகையையும், தோட்டக்காரன் கூறும் கதையையும் முன்னிறுத்திற்று. 1964இல் வந்த 'வோ கௌன் தீ' மழையிரவில் வண்டியோட்டி வரும் மருத்துவன்முன் வெள்ளுடைப் பெண்ணொருத்தியை நிறுத்திற்று. அதுவே 1966இல் 'யார் நீ?' எனத் தமிழாயிற்று.

இவ்விந்திப் படங்கள் இரண்டும் இறுதியில், பேயென்று ஒன்றில்லை, எல்லாம் மனிதர் செயலே என்று காட்டுகின்றன. நன்று! ஆனால் இரண்டு மணி நேரம் அச்சத்தை விற்றுவிட்டுக் கடைசி ஐந்து நிமிடம் அறிவை வழங்குவது, ஊருக்குத் தீ வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் தெளிப்பதையொக்கும். உறங்கிப் போன குழந்தைக்கு அந்தச் செம்புத் தண்ணீரும் கிட்டுவதில்லை.

நிற்க, நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். 1957இல் சிங்கப்பூர்க் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தார், பி. என். ராவ் என்னும் இந்தியரின் இயக்கத்தில், மரியா மெனாடோ நடிக்க, 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படத்தை வெளியிட்டனர். அதன் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. அது வளர்த்த அச்சமோ எங்கும் கிடைக்கிறது. பொந்தியானாக் என்பவள் யார்? பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண் என்பது மலாய் மக்களிடை வழங்கும் நம்பிக்கை. பிள்ளைத்தாய்ச்சியாய் இறந்தவள் பேயாய் அலைவாள் என்னும் பேச்சு நம்மவரிடையும் இல்லாமலில்லை.

அவள் ஏன் மாண்டாள்? முதற் காட்சி இதைக் கேட்பதேயில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்தும் பேற்றையொட்டியும் இறந்தனர். மிகுந்த இரத்தப்போக்கு, கிருமித் தொற்று, இரத்த அழுத்தம் ஆகியவை தலையாய காரணங்கள். அவ்விறப்புகளுட் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை. இத்தனை பேரும் பேயானால் உலகத்து வாழைத்தோப்புகள் அவர்களுக்குப் போதுமா? வண்டி கிடையாமலும், மருத்துவச்சி வாராமலும், வீட்டார் தாமதித்தமையாலும் மாண்டவளைக் குற்றவாளியாக்கி, மாளவிட்டவர்களை அவளுக்கஞ்சும் அப்பாவிகளாக்குவது எந்த நீதி?

"பொழுதுபோக்குக்கு இத்தனை விசாரமா?" எனச் சிலர் நகைப்பர். அவர்களை ஒன்று கேட்கிறோம். இரத்த அழுத்தம் மிகுந்த கர்ப்பிணிக்குக் கண் செருகி, உடல் விறைத்து வலிப்பு வரக்கூடும். மக்னீசியம் சல்பேட் என்னும் எளிய மருந்து அவ்வலிப்பை அடக்கும். ஆனால் கண் செருகிய பெண்ணைப் பேய் பிடித்தவளாகவே திரையில் கண்டு வளர்ந்த வீட்டார், அந்நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடுவரா, பூசாரியைத் தேடுவரா? தோட்டத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே நெடுவழி கிடக்க, வேப்பிலையில் கழியும் அரைமணி நேரம் இரண்டுயிர்களின் விலையாகுமன்றோ!

பேய்க்கதையே வேண்டாவென்று நாம் கூறவில்லை. 2014இல் மிஷ்கின் எடுத்த 'பிசாசு' விபத்தில் அடிபட்டுச் சாகும் ஒரு பெண்ணோடு தொடங்குகிறது. அவளை நாம் முதலில் மனுஷியாகக் காண்கிறோம், அஞ்சுமுன் இரங்குகிறோம். வரிசையை மாற்றிய அளவில் கருத்தும் மாறிற்று. மற்றையோர்க்கு இது ஏன் இயலாது?

தமிழ்நாட்டில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளின் நினைவாய்ச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கமிருந்தது. ஆவி சாந்தியடையுமென்று நம்பியே நட்டனர். அந்நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும், இறக்கி வைக்க இயலாச் சுமையோடு மாண்டவளின் பேரால், வழிப்போக்கன் தன் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறினான். அதே பெண்ணை இருட்டில் நிறுத்திக் குழந்தைகளை மிரட்டிக் காசு பண்ணுகிறது இன்றைய திரை. இனி முதற் காட்சியில் அவள் தோன்றும்போது, தோழர்களே, கண்ணை மூடாதீர்கள். "இவள் எதனால் இறந்தாள்?" என்று பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் கேட்க உரத்துக் கேளுங்கள்.